ஆஃப்டைம் பாயும் தோற்காத பெண்கள் அணியும்

உலகத்திலேயே ஒரு ஆட்டத்திலும் தோற்காத கால்பந்து அணி, இந்தியாவின் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் அணிதான். நம்பாதவர்கள் அந்தக் காலத்து அதிராம்பட்டினத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்த அணியைத் தோற்கவிடாமல் கட்டிக் காத்தவர், கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஆஃப்டைம் பாய்.

வங்கி என்னை அந்த ஊருக்குத் தூக்கியடித்தபோது, வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார். பாயும் சவூதியில் இருந்து திரும்பியவர். வரும்போது எல்லாரும் டேப் ரிக்கார்டர் கொண்டு வந்தார்கள். இவர் கால்பந்துப் பைத்தியத்தைக் கொண்டு வந்தார்.

பூத் வாசலில் ஒரு கரும்பலகை. பெண்கள் அணி எந்த நாட்டில் ஆடினாலும், பாய் அந்த மைதானத்து ஆபீஸுக்கே போன் போட்டுவிடுவார். "மேடம், இந்தியன் கேர்ள்ஸ், ஆஃப்டைம், ஹவ் மச்?" பதில் வந்ததும், "போதும் மேடம், தேங்க்யூ" என்று பட்டென்று வைத்துவிடுவார். பலகையில் 'இடைவேளை வரை 0-0' என்று ஏறும். அதற்கு மேல் என்ன ஆனது என்பது அவரைப் பொறுத்தவரை அவர்கள் சொந்த விஷயம். இடைவேளைக்குள்ளேயே கோல் வாங்கியிருந்தால் 'முதல் கால் மணி வரை 0-0'. ஒரு முறை ஆட்டம் தொடங்கிய வேகத்தில் கோல் விழுந்துவிட்டது. பாய் அசரவில்லை. 'டாஸ்: இந்தியா' என்று எழுதிப்போட்டார்.

"முழு ஸ்கோரையும் போடக் கூடாதா பாய்?" என்று கேட்டேன்.

"கெட்ட சேதி சொல்ல ஊர்ல ஆளா இல்ல சார்? ஆம்பளப் பசங்க டீமுக்கு நாடு பூரா கை தட்டும். இதுங்களுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

பேப்பர்களோ அந்த அணியைக் கண்டுகொள்வதே இல்லை. ஆக, நம் பெண்கள் தோற்றதே இல்லை என்று ஊரே நம்பியது. மீன் மார்க்கெட்டில்கூட அப்படித்தான் பேச்சு.

வினை அங்கேதான் வந்தது. எங்கள் தெரு மேரி அக்காவின் மகள் ஜெசி, பள்ளிக்கூட அணியின் கோல்கீப்பர். அவளை இந்திய அணிக்கே எடுத்துவிட்டார்கள். அப்பா அந்தோணி குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்றைக்கு பூத்துக்கு அவர் போன் வரும். அவர் பேசினால் ரிசீவரே தேவையில்லை, தெருவுக்கே கேட்கும்.

"தோக்காத டீமுன்னு பாய் சொல்றாரு, அதனால அனுப்புறேன். தோத்துட்டு வந்து நின்னா, அதுக்கப்புறம் பந்தைத் தொடக் கூடாது. நேரா நர்சிங்தான்" என்றார் அந்தோணி.

ஜெசி தலையாட்டினாள். பாய்க்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

அவள் வெளிநாடு போய் ஆடிய முதல் ஆட்டமும் ஒரு வெள்ளிக்கிழமையிலேயே வந்து வாய்த்தது. பூத் வாசலில் ஒரே கூட்டம். பாய் வழக்கம்போல போன் போட்டார். "ஹவ் மச்?" முகம் சுருங்கிவிட்டது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் ஆறு விரலைக் காட்டினார். "போதும் மேடம்" என்று வைக்கப் போனவர், எதையோ கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"கோல்கீப்பர சேஞ்ச் பண்றாங்களாம் சார். நம்ம புள்ள எறங்குது!"

வாழ்க்கையில் முதல் தடவையாக பாய் ஓர் ஆட்டத்தின் பின்பாதியை எதிர்கொண்டார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை நின்றபடியே கேட்டார். அந்த மேடமும் புண்ணியவதி, போனை வைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை பாய் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் நேரே பலகைக்குப் போய் எழுதினார்: 'இடைவேளைக்குப் பின் 0-1.'

உடனே போன் அலறியது. அந்தோணி.

"ஜெயிச்சிட்டாங்கன்னு சொல்லிடுங்க பாய், உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்று மேரி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

பாய் அவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ரிசீவரை எடுத்தார்.

"அந்தோணி, கேளுப்பா. ஏழு கோல்ல தோத்துட்டாங்க. இதுக்கு முன்னாடியும் தோத்துக்கிட்டுதான் இருந்தாங்க. நான்தான் பாதியோட நிறுத்தி எழுதினேன். ஆனா ஆறு கோல் விழுந்தப்ப நம்ம புள்ள பெஞ்சுல இருந்துச்சு. அது எறங்குனப்புறம் ஒண்ணே ஒண்ணுதான். எவ்வளவோ பந்து வந்துச்சாம், அத்தனையும் விழுந்து விழுந்து புடிச்சிருக்கு."

லைன் போய்விட்டதோ என்று பாய் ரிசீவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதானா பாய்?"

"அல்லா மேல ஆணையா ஒண்ணுதான்."

"கையில ஒறை கிறை போட்டிருக்காளா, வெறுங்கையாவா புடிக்கிறா?"

"ஸ்கூல்ல குடுத்தது. விரல் நுனியெல்லாம் கிழிஞ்சிருக்கும்."

"அடுத்த மாசம் லீவுல வர்றேன். நல்லதா ஒரு ஜோடி வாங்கியாரேன். அவ வந்ததும் சைஸ் கேட்டு வைங்க."

மேரி அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார். பாய் கூட்டத்தைப் பார்த்து, "போங்க, போங்க, லைன் பிஸி" என்று விரட்டிவிட்டு, பலகையைத் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் சாக்பீஸ் தூள்.

அந்த பூத் இப்போது இல்லை, பாயும் இல்லை. எல்லா ஸ்கோரும் செல்போனிலேயே வந்துவிடுகிறது. நம் பெண்கள் தோற்ற நாளில், இடைவேளை வரை எவ்வளவு என்று மட்டும் ஒரு தடவை தேடிப் பார்ப்பேன். அது நன்றாக இருந்துவிட்டால், உடனே பாய்க்கு ஒரு போன் போட வேண்டும் போலிருக்கும்.