பக்கீர் பிடித்த தெள்ளு

இனி இந்த வீட்டில் ஒன்றில் பூனை, இல்லாவிட்டால் பக்கீர். டொக்யாட்டிலிருந்து சைக்கிளை மிதித்து வரும்போதே அவர் முடிவு கட்டிவிட்டார். துறைமுகக் களஞ்சியத்துக் காவலாளி என்றால் சும்மாவா? அவர் அனுமதித் துண்டு பார்க்காமல் கப்பல் கப்பித்தான்கூட ஒரு முழக் கயிறு வெளியே கொண்டுபோக முடியாது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வீட்டில் சாய்மனைக் கதிரை கிடைப்பதில்லை. சுல்தான் என்கிற பூனை எந்நேரமும் அதில் படுத்துக் கிடக்கும். எழுப்பினால் சீறும். அது சீறினால் அவர் பெண்சாதி ரபீக்காவும் சீறுவாள்.

"பூனையால வீடெல்லாம் தெள்ளுப்பூச்சி, புள்ள! என்ட காலெல்லாம் கடி."

"அது நுளம்புக் கடி, மச்சான்."

"தெள்ளு!"

"ஒவ்வொரு நாளும் நான் பேன்சீப்பால வாருற பூனை. வேப்பிலை அவிச்ச தண்ணியில குளிக்கிற பூனை. நீங்களே அப்பிடிக் குளிக்கிறல்ல. ஒரேயொரு தெள்ளு காட்டுங்க. நானே சாக்குல கட்டி மீன் சந்தையில உட்டுட்டு வாறன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று பக்கீருக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். சுல்தானிடம் தெள்ளு இல்லாவிட்டால் என்ன? பக்கத்து வீட்டுக் கதிராமனின் நாயிடம் இருப்பதை ஊருக்கே பங்கு வைக்கலாம்.

அடுத்த நாள் லீவு. ரபீக்கா குசினியில் இருந்த நேரம் பார்த்து, நெருப்புப் பெட்டியோடு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்தார்.

"என்ன நானா, நாயோட?" கதிராமன் கேட்டார்.

"சும்மா. ஒரு பாசம்."

நாய் அதை நம்பிவிட்டது. அதன் வயிற்று மயிரை விலக்கி அவர் தெள்ளுப் பிடிக்கப் பிடிக்க, நன்றி தாங்காமல் அது அவருடைய இரண்டு கைகளையும் முழங்கை வரை நக்கித் தீர்த்தது.

அங்கேதான் சங்கடம். நாய் நக்கிய இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும். அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். அது மார்க்கம். பெண்சாதியை ஏய்க்கலாம், படைத்தவனை ஏய்க்கலாமா? பக்கீர் கிணற்றடியில் குந்தி, மண்ணைக் குழைத்துப் பூசி, ஒரு வாளி குறையாமல் கழுவி, சுத்தமான மனச்சாட்சியோடு எழுந்தார். பிறகு நெருப்புப் பெட்டியைக் கொண்டுபோய் சுல்தானின் முதுகில் கவிழ்த்தார்.

"ரபீக்கா! ஓடி வா! தெள்ளு!"

அவள் வந்தாள். குனிந்து மயிரை விலக்கினாள். ஒன்று துள்ளியது.

"ஓம் மச்சான். தெள்ளுத்தான்."

"சாக்கு எங்க?"

"எடுத்துத் தாறன்." அவள் முகம் வாடிவிட்டது. பக்கீருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. சாக்கெடுக்கத் திரும்பியவள் கிணற்றடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "லுஹருக்கு நேரமாச்சு. முதல்ல தொழுங்க. கை சுத்தம்தானே?"

மார்க்க விஷயத்தில் அவரையே சந்தேகிப்பதா? பக்கீருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன கதை கதைக்கிறாய்? ஏழு தரம் கழுவின கை!"

"மண் போட்டா?"

"மண் போட்டுத்தான்! முழங்கை வரைக்கும்!"

"அப்ப நல்லா நக்கியிருக்கு," என்றாள் ரபீக்கா.

அன்று பின்னேரம் முழுக்கப் பக்கீர் தரையில் குந்தியிருந்து பேன்சீப்பால் வாரினார்; கதிரையில் கிடந்தபடி சுல்தான் மறுபக்கம் புரண்டு கொடுத்தது.