உடுத்திய துணியோடு வந்த தங்கை குறித்து மச்சானுக்கு ஒரு விளக்கம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுத வேண்டும். டாக்டர் சொல்படி நலம்தான். தங்கள் நலமும் தங்கள் துணைவியாரான அக்காவின் நலமும் அறிய ஆவல். தங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவியின் நலம் அறிய அதைவிட ஆவல். செல்போனை நான் விட்டுவிட்டதால்தான் இப்படிப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் உடுத்திய துணியோடு வந்து நின்றதைப் பார்த்து என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பீர்கள் என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நீங்கள் சொன்னதும் வந்து சேர்ந்தது. அவர் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொன்னார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மச்சான், நான் கை நீட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் மாற்றுத்துணி எடுக்காமல் கிளம்பியது கோபத்தினால் அல்ல. வீட்டில் மாற்றுத்துணியே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கூரியர் கம்பெனியில் பார்சல் அனுப்பும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது உங்களுக்குத் தெரியும். காலையில் வந்த பார்சல் மாலைக்குள் போயாக வேண்டும் என்று ஆயுசு முழுக்க ஓடிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ரத்த அழுத்தத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர், "இனிமேலாவது நிதானமா வாழுங்க சார். வீட்ல இருக்கற பரபரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க" என்றார். நல்ல யோசனை. அன்று மாலையே ஆரம்பித்துவிட்டேன். அட்டைப்பெட்டி, ஒட்டும் டேப், 'கவனமாகக் கையாளவும்' சீட்டு எல்லாம் வீட்டிலேயே இருந்தன. மாதம் ஒரு பொருள் என்று திட்டம். முதல் மாதம் சுவர்க்கடிகாரம் போனது. மணி தெரியாமல் இருப்பது மனதுக்கு அவ்வளவு இதமாக இருந்ததால், எவ்வளவு நேரம் இதமாக இருந்தேன் என்று கேட்க அடிக்கடி பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தேன். அடுத்து மிக்சி. கையாலேயே அரைத்தால் ருசி கூடும் என்று நானே உட்கார்ந்து அரைத்ததில் மதியச் சாப்பாடு பொழுது சாயும்போது தயாரானது, தோள்பட்டை இன்னும் தயாராகவில்லை. பிறகு டிவி, அதன்பின் செல்போன். உங்கள் தங்கை ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் தடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, "நிதானமா இருக்கறதுக்கு ஏங்க இப்படிப் பறக்கறீங்க?" என்று கேட்டாள். நான் அப்போது அடுத்த பெட்டிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் வாஷிங் மெஷின் முறை. மாணவர் விடுதி ஒன்றுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்தேன். "இன்னிக்குத்தான் மெஷினுக்குக் கடைசி நாள். நாளையிலேருந்து கையாலதான். கடைக்குப் போய்க் கொடிக்கயிறும் துணிச்சோப்பும் வாங்கிட்டு வந்துடு" என்றேன். அவளும் போனாள். கடைசி நாள் ஆயிற்றே என்று, போகுமுன் வீட்டில் இருந்த துணி அத்தனையையும், அவளுடையது, என்னுடையது, போர்வை, தலையணை உறை, எல்லாவற்றையும் மெஷினில் திணித்துத் தண்ணீரில் ஊற விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. என்னிடம் வேலை பார்த்த வண்டிக்காரன், மின்னல் என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவன் பெயருக்கேற்றபடி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றான். வந்த வண்டியைக் காக்க வைத்து எனக்குப் பழக்கம் இல்லை. பிளக்கைப் பிடுங்கினேன், டேப் சுற்றினேன், சீட்டு ஒட்டினேன். "சார், ரொம்பக் கனக்குதே" என்றான். "அந்தக் காலத்துப் பொருள் அப்படித்தான் இருக்கும்" என்றேன். படியில் இறங்கும்போது, "சார், தண்ணி சொட்டுது" என்றான். "போக மனசில்லாம அழுவுது, விடு" என்றேன். எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

கயிறும் சோப்புமாகத் திரும்பிய உங்கள் தங்கை மெஷின் இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காலியான அலமாரியைத் திறந்து பார்த்தாள். கயிற்றை என் கையில் கொடுத்தாள். "இதுல எதைக் காயப் போடறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் நான் லுங்கியோடு விடுதிக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே துவைத்து, காய வைத்து, பாதியைப் பங்கும் போட்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது இரண்டு போர்வையும் அவளுடைய துணியில் சிலதும். எனக்குப் பிரிவுபசார விழாவில் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் தெருவில் போகிறான். அவனுக்குத்தான் அது பொருத்தமாக இருக்கிறது.

மச்சான், தோற்றுவிட்டேன். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னைத் திட்டக்கூட ஆள் இல்லை. நிதானமும் வேண்டாம், எளிமையும் வேண்டாம். நேற்றுப் புது மெஷின் வாங்கிவிட்டேன், பெட்டி பிரிக்காமல் கூடத்தில் இருக்கிறது. இதைச் சொல்லி எப்படியாவது அவளை அனுப்பி வையுங்கள். பெரிய மனது பண்ணுங்கள். தாங்களும் அக்காவும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுமுன்பே வாசலில் உங்கள் தங்கை. அப்போது நான் ஊறிய போர்வையின் ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பையை வைத்துவிட்டு, "அவுத்து இந்தப் பக்கம் குடுங்க" என்றாள். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. இதில் எதிரெதிரே நின்றே ஆக வேண்டும், வேறு எங்கேயும் பார்க்கவும் முடியாது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் நாங்கள் முகம் பார்த்துப் பேசியது இல்லை. "அங்க எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு. ஆனா அண்ணனும் அண்ணியும் ஒரே சோபாவுல உக்காந்துக்கிட்டுச் சாப்பாடு ரெடின்னு போன்ல மெசேஜ் போட்டுக்கறாங்க. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்ல" என்றாள். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றும் சொன்னாள். புது மெஷின் பிரிக்காத பெட்டியோடு கடைக்கே திரும்பிப் போய்விட்டது. ஆகையால் மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். அவசியம் ஒரு நாள் கிளம்பி வாருங்கள், அக்காவையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். இன்னொரு போர்வை பிழியாமலே வைத்திருக்கிறோம்.