தகுதியுள்ள விரல்

தன் போனைத் தன் விரலாலேயே எடுத்துப் பேச வேண்டும் என்று ஒரு மனிதன் ஆசைப்படுவது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதற்கு எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கொத்தனாருக்கு வந்த சங்கடம் இதுதான். மருமகன் ஆசையாக ஒரு தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்து, மாமனாரின் இருபது வருட நம்பரையும் அதற்குள் குடியேற்றிவிட்டான். கழற்றி மாட்ட சிம் கார்டு என்று ஒன்றும் கிடையாது. லைன் போனுக்குள்ளேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டது. சிமெண்டு தின்று தீர்த்த கொத்தனாரின் விரலை அந்தத் திரை விரலாகவே மதிக்கவில்லை. காலை ஆறு மணிக்கு மேஸ்திரி கூப்பிடுவார். கொத்தனார் தேய்ப்பார், தட்டுவார், ஊதிக்கூடப் பார்ப்பார். மணி அடித்து ஓயும். மேஸ்திரி வேறு கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவார். ஒரே வாரத்தில் நாலு நாள் வேலை போயிற்று. பழைய பட்டன் போனோ பெட்டிக்குள் நல்ல உயிரோடு இருந்தது.

லைனை அதற்கு மாற்றித் தரச் சொல்லி, தொலைபேசி அலுவலகத்து வரிசையில் நின்றார்.

அதிகாரி நல்ல மனிதர். கடைசிவரை கோபமே படவில்லை.

"பழசுலேர்ந்து புதுசுக்குப் போக படிவம் இருக்கு. புதுசுலேர்ந்து பழசுக்கு இதுவரைக்கும் யாரும் போனதில்ல."

"நான் போறேனே சார்."

"படிவம் இல்லாம எப்படிப் போவீங்க?"

இருந்தாலும் குறை எங்கே என்று கண்டறிவது தம் கடமை என்றார். தம் விரலால் தொட்டார்; போன் திறந்தது. மேசையிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டார், மணி அடித்தது. அப்புறம் மிஞ்சியது ஒன்றுதான். கோப்பில் எழுதினார்: 'கருவி நலம். இணைப்பு நலம். விரல் காலாவதியானது.'

பரிகாரமும் அவரே சொன்னார். மூன்று மாதம் வேலைக்குப் போகாமல், களிம்பு தடவி, விரலைப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும்.

"வேலைக்கே போகலைன்னா எனக்கு எதுக்கு சார் போன்?"

"பாத்தீங்களா, பிரச்சினையே தீர்ந்துபோச்சு."

பின்னால் நின்ற இருபத்தாறு பேரும் கொதித்துவிட்டார்கள். சலவைக்கார அம்மாதான் எல்லாருக்கும் மேலே. கையால் உழைக்கிறவனுக்கு லைன் கிடையாதா என்று அவள் கேட்டதில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

அதிகாரி எழுந்து நின்றார். பொதுமக்கள் நலன் கருதி, வந்திருக்கும் அனைவரின் விரல்களும் இப்போதே இலவசமாகச் சோதிக்கப்படும், தேறியவர்களுக்குச் சட்டையில் ஒட்டிக்கொள்ள நீல நிற முத்திரை வழங்கப்படும் என்று அறிவித்தார். முத்திரையில் 'தகுதியுள்ள விரல்' என்று அச்சிட்டிருந்தது.

கொதிப்பு சட்டென்று அடங்கியது. எல்லாரும் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்கள். முதலில் தேறிய வாத்தியார் முத்திரையை ஒட்டிக்கொண்டு, கதவுக் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். சலவைக்கார அம்மாவுக்கு ஒன்பது விரல் தோற்று, பத்தாவதாக இடது சுண்டுவிரல் தேறியது. அது பிறந்ததிலிருந்தே சூட்டிகை என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னாள்.

இதுதான் சமயம் என்று கொத்தனார் ஒரு மனு எழுதினார். கேட்பவர்களுக்கெல்லாம் பழைய போனுக்கு லைன் மாற்றித் தர வேண்டும். வரிசையில் நின்றவர்களிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அவர்களும் மனுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தகுதியற்ற விரல்களால் நேரம் வீணாவதால் அந்த விரல்காரர்களுக்குத் தனி வரிசை வேண்டும். இருபத்தாறு கையெழுத்து.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே," என்றாள் சலவைக்கார அம்மா. "உங்க நல்லதுக்குத்தான்."

அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே, கொடுத்த அரைமணியில் ஏற்கப்பட்ட மனு அது ஒன்றுதான்.

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரி நேரிலேயே வந்து நின்றார். எத்தனை தடவைதான் கூப்பிடுவது, போனை எதற்கு வைத்திருக்கிறாய் என்று திட்டித் தீர்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அவசர வேலை. தொலைபேசி அலுவலகக் கூடத்துக்கு நடுவே, ஒரு பக்கத்து ஆள் மறுபக்கத்து ஆளுக்குத் தெரியாத உயரத்துக்கு ஒரு சுவர்.

கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாலு நாள் வேலை. தூக்குக்குண்டு பிடித்து, நூல் கட்டி, முடி அளவு சாய்வில்லாமல் எழுப்பி, இரண்டு பக்கமும் வழவழவென்று பூசி முடித்தார். நாலு நாள் சிமெண்டில் விரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது.

அடுத்த வாரம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டன் போனோடு போனார். காவலாளி அவர் விரலைப் பார்த்துவிட்டு இடது பக்கத்தைக் காட்டினார். அங்கே வரிசை வாசல்வரை நின்றது. முன்னால் நின்றவள் சலவைக்கார அம்மா. முத்திரைக்கு வாரா வாரம் மறுசோதனையாம். சலவைச் சோடாத் தண்ணீரில் சுண்டுவிரலும் போய்விட்டதாம்.

அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன சொன்னாலும், சுவரு நேராத்தான் இருக்கு."

"இருக்காதா பின்னே," என்று நெஞ்சை நிமிர்த்தினார் கொத்தனார். "நான் கட்டினதாச்சே."