மூன்று டிரைவ்களும் ஒரு ரொட்டி அடுப்பும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு களைப்பாக இருந்ததால் கொஞ்ச காலம் உட்கார்ந்துவிட்டது. அதன் அடுத்த மாபெரும் பாய்ச்சல் கட்டட வரைபட நகல் பிரிவில், பஞ்சு பிதுங்கிய ஒரு நாற்காலியிலிருந்து தொடங்கியது என்பதைப் பெருமிதத்தோடு பதிவு செய்தே ஆக வேண்டும்.

நாற்காலி, கண்காணிப்பாளருடையது. அவர் பிரிவுக்கு இருந்தது ஒரே வேலை. ஒப்புதல் வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து வைத்திருக்கும் வரைபடங்களைக் கேட்பவர்களுக்கு நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கடினமான பணியை அவர் பல ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தால் செம்மையாக நடத்தி வந்தார்: "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, அடுத்த வாரம் வாங்க."

ஒருநாள் மேலிடம் இந்த வாக்கியத்தை நம்பித் தொலைத்தது. 'கோப்புகளைச் சேமிக்க சந்தையில் உள்ள டிரைவ்களை ஒப்பிட்டு, எது வேகமானது என்று அறிக்கை அனுப்பவும்' என்று உத்தரவு வந்தது. கண்காணிப்பாளர் ஆடிப்போனார். தான் சொல்வதை யாராவது நம்புவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

சோதனைப் பொறுப்பு கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடம் வந்தது. அவனை அலுவலகத்தில் கிகாபைட் என்றுதான் கூப்பிடுவார்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால், "எழுபது பர்சென்ட் ஃபுல் சார்" என்பான். அப்படிப்பட்டவன் மேஜைக்கு மூன்று டிரைவ்கள் வந்து சேர்ந்தால் என்ன ஆவான்? மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டுக்காரர் மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

முதலாவது பழைய வகை ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுற்றும், வேலை கொடுத்தால் முனகும். அலுவலகத்தில் எல்லாருக்கும் அதன் மேல் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது. இரண்டாவது உள்ளங்கை அகல எஸ்எஸ்டி. சுற்றுவதும் இல்லை, முனகுவதும் இல்லை. மூன்றாவதும் அதே சாதிதான், ஆனால் சூயிங்கம் பட்டை அளவில் இருந்தது. மதர்போர்டிலேயே நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"இத்தனூண்டு இருக்கு. இது வேலை செய்யுமா?" என்றார் கண்காணிப்பாளர்.

"இதுதான் சார் ராட்சசன்."

"ஆளப் பார்த்தா தெரியலையே. சரி, எந்த ஃபைல வெச்சு சோதிக்கப் போற?"

"இருக்கறதுலயே பெரிய ஃபைலா எடுக்கணும் சார்."

இருப்பதிலேயே பெரியது, நகல் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்த அடுப்பக்காவின் ஃபைல். வரைபடம் ஒன்றும் பெரிதில்லை. அதை ஸ்கேன் செய்த புண்ணியவான் ஏதோ அரண்மனை ஓவியம் என்று எண்ணி, சுவர்க் கோட்டின் மை கசிந்தது வரை தெரிகிற மாதிரி எடுத்து வைத்திருந்தார்.

அடுப்பக்கா பேக்கரி வைக்கப்போகிறவர். கடைக்கு அறை பார்த்தாயிற்று, அடுப்பும் வாங்கியாயிற்று. லைசென்ஸ் ஆபீசில் அந்த அறையின் வரைபட நகல் கேட்டார்கள். ஃபைலாகக் கொடுத்தாலே போதும் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த ஃபைல் வரும்வரை அடுப்பு அவர் வீட்டுக் கூடத்தில் நின்றது. அவர் கணவர் குளியலறைக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போய்வந்தார். மகள் அடுப்புக்குள் பள்ளிக்கூடப் பையை வைக்கப் பழகியிருந்தாள். அந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் அறையை செல்போன் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

"அப்போ டெஸ்டுக்கு முன்னாடி அந்தக்காவுக்கு ஒரு காப்பி குடுத்துடட்டுமா சார்?" என்று கேட்ட கிகாபைட், வாயை அதோடு மூடியிருக்கலாம். தொழில்நுட்பம் தெரிந்தவன் வாய் சும்மா இருக்குமா? "ஆனா ஒண்ணு சார், ஒரு தடவ தொறந்த ஃபைல் மெமரில சூடா இருக்கும். உடனே டெஸ்ட் பண்ணா வேகமா இருக்கற மாதிரி காட்டும்."

கண்காணிப்பாளர் முகத்தில் ஒளி பரவியது. "அப்படியா! அப்போ ஆற வேண்டாமா?"

"கம்ப்யூட்டர ஒரு தடவ அணைச்சுப் போட்டாப் போதும் சார்."

"அறிவியல்ல அவசரம் கூடாதுப்பா. சோதனை முடியற வரைக்கும் அந்த ஃபைல யாரும் தொடக் கூடாது."

இவ்வாறாக அடுப்பக்காவின் வரைபடம் 'சோதனை மாதிரி' என்னும் உயர்ந்த பதவியை அடைந்தது. விஷயத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பு கிகாபைட்டின் தலையில் விழுந்தது.

"ஃபைல் ஆறணுமா?" என்றார் அக்கா. "என் அடுப்பு ஆறித்தான் கெடக்கு தம்பி. வேணும்னா அதுக்குள்ள வெச்சுக்கோங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. குற்றம் அவன் வாயினுடையது.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு காலையில் சோதனை நடந்தது. அக்காவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வேகத்தை எதில் அளப்பது என்று கேள்வி எழுந்தது. மெகாபைட் கணக்கு மேலிடத்துக்குப் புரியாது என்பதால், அலுவலகம் முழுக்கப் புரிந்த அலகான 'ஒரு டீ' ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஹார்ட் டிஸ்க் முனகி முனகி, போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஃபைலை நகலெடுத்து முடித்தது. எஸ்எஸ்டி, டீ சொல்லி முடிப்பதற்குள் முடித்தது. சூயிங்கம் பட்டையோ, டீ குடிக்கலாமா என்ற எண்ணம் வருவதற்குள் முடித்துவிட்டது.

"முடிஞ்சிடுச்சா?" என்றார் கண்காணிப்பாளர்.

"முடிஞ்சிடுச்சு சார்."

"முழுசாவா?"

"முழுசா சார்."

அவர் முகம் வெளிறியது. "அப்போ இனிமே வர்றவங்ககிட்ட என்னத்தச் சொல்..." என்று தொடங்கி, பெஞ்சைப் பார்த்து நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்கு ஏதாச்சும் ஒரு குறை இருக்குமேப்பா?" என்றார்.

"ரொம்ப டேட்டா எழுதினா தேயும் சார். ஆனா அதுக்கெல்லாம் வருஷக்கணக்கு..."

"தேயுமா!" போன உயிர் திரும்பி வந்தது. "அரசாங்கச் சொத்து தேயலாமா? இதுதான் ஜெயிச்சுதுன்னு எழுது. எழுதிட்டு பத்திரமா பீரோவுல வை. அந்த ஃபைலும் அதுக்குள்ளயே இருக்கட்டும், ஆதாரம்."

அக்கா எழுந்து வந்தார். கோபப்படுவார் என்று எல்லாரும் ஆளுக்கொரு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அவரோ சாவிக்கொத்திலிருந்து ஒரு பென்டிரைவைக் கழற்றினார். பெயின்ட் உதிர்ந்த பொம்மை மாதிரி இருந்தது அது.

"சார், இதையும் போட்டில சேத்துக்கங்களேன். என் பொண்ணோடது. ஓட்டையோ ஒடசலோ, அதுவும் டிரைவ்தானே?"

கிகாபைட்டுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்ததும், வாழ்க்கையில் முதல் முறையாகத் தொழில்நுட்பத்தை அளவோடு பேசினான். "சேக்கணும் சார். எதைவிட வேகம்னு மேலிடம் கேட்டா, காட்றதுக்கு ஸ்லோவா ஒண்ணு வேணுமே?"

"ரொம்ப ஸ்லோவா இருக்குமா?"

"நத்தை சார்."

"போடு, போடு!"

பென்டிரைவ் செருகப்பட்டது. திரையில் பச்சைக் கோடு நகர்ந்ததா இல்லையா என்று சந்தேகம் வருகிற வேகத்தில் நகர்ந்தது. முதல் டீ முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கண்காணிப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்ப்பது போல அந்தக் கோட்டையே பார்த்திருந்தார்.

"இதுல்லப்பா டிரைவ்! பாரு, என்ன ஒரு நிதானம்! பறக்காம, பதறாம..."

அக்கா மட்டும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். மூன்றாவது டீ ஆறி ஏடு படிந்தபோது கோடு நிறைந்தது. அவர் பென்டிரைவைப் பிடுங்கி, சாவிக்கொத்தில் மாட்டி, "வர்றேன் சார், தம்பி வர்றேன்" என்று சொல்லி முடிக்கும்போது வாசல்படியில் இருந்தார். அன்றைக்கு அங்கே காணக்கிடைத்தவற்றுள் மிக அதிக வேகம் அதுதான். யாரும் அளக்கவில்லை.

"எடுத்துட்டுப் போறாங்களே?" என்றார் கண்காணிப்பாளர்.

"தோத்ததுதானே சார்" என்றான் கிகாபைட்.

"அதுவும் சரிதான்."

அடுத்த மாதத் தொடக்கத்தில் அலுவலகத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே சூடு குறையாத பன்கள். கண்காணிப்பாளர் இரண்டாவது பன்னில் பாதியைத் தாண்டியிருந்தார்.

"பஞ்சு மாதிரி இருக்கே! எந்தக் கடைப்பா?"

"நம்ம சோதனை மாதிரி சார்."

மெல்லுவது நின்றது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்றார். கிகாபைட் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அடக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் சொல்லச் சொல்ல எழுதினான்:

'நான்காவது கருவியில் மிகக் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது. அதில் ஏற்றப்படும் கோப்பு, கேட்டவர் கைக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எனவே இக்கருவி இவ்வலுவலகப் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல.'