துண்டுக்குள் வந்த வெள்ளம்

வாக்கு ஐயா வீட்டு வாசலில் தொடங்கும் வரிசை தெருமுனை தாண்டி மருந்துக்கடை வரை நிற்கும். ஆற்றில் தண்ணீர் ஏறுமா, ஏறாதா என்பதை முன்கூட்டியே சொல்கிற ஒரே மனிதர் அவர்தான் என்பது ஊரின் தீர்ப்பு. அதைச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற இன்னொரு மனிதர் நகராட்சியில் இருந்தார். அவரைத் தேடி ஒரு ஈ கூட வரவில்லை. அந்த மனிதர் நான்தான்.

என் அறை வாசலில் ‘பேரிடர் முன்னேற்பாட்டுப் பிரிவு, தலைமை அலுவலர்’ என்று பலகை தொங்கியது. தலைமை என்றால், எனக்குக் கீழே ஒரு மேசை, ஒரு சைரன், இன்னும் தண்ணீரையே பார்க்காத இரண்டு ரப்பர் படகுகள். அதற்கு முன் வீட்டுவரிப் பிரிவில் இருந்தேன். கடைசியாக வந்த பெரிய வெள்ளத்தில் என் மனைவி போய்விட்டாள். பறிகொடுத்தவன் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வான் என்று என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நியாயப்படி, பசித்தவனையெல்லாம் சமையல்காரனாக்கிவிடலாம்.

அவள் போன அன்று எச்சரிக்கை என்று ஒன்று வரவேயில்லை. அதனால் நான் எதையும் விடாமல் அனுப்பினேன். தூறினால் ஒரு குறுஞ்செய்தி. தூறல் நின்றால், நின்றுவிட்டது என்று இன்னொன்று. வெயிலடித்தால் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒன்று. எல்லாருடைய கைபேசிக்கும் போகும். ஊர் என் எண்ணை ஒலியடக்கி வைத்தது. வெள்ள ஒத்திகைக்குக் கூப்பிட்டால் என் அலுவலக ஆட்கள் மட்டும் வந்தார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

வாக்கு ஐயாவின் ஏற்பாடு வேறு. எதிரே ஓர் அண்டா நிறையத் தண்ணீர். அதன்மேல் குனிவார். தலையையும் அண்டாவையும் சேர்த்துப் பெரிய துண்டு ஒன்றால் மூடுவார்கள். ஜலதோஷக்காரர் ஆவி பிடிப்பது போல இருக்கும். கொஞ்ச நேரம் உறுமல். பிறகு வாக்கு. வரும் என்றால் தண்ணீர் வந்தது. வராது என்றால் வரவில்லை. ஒரு முறைகூடப் பிசகியதில்லை.

பிசகாத வாக்குக்குப் பின்னால் பிசகாத வியாபாரம். கறுப்பும் சிவப்புமாக முறுக்கிய கயிறு. வாசல் நிலையில் கட்டிவிட்டால் தண்ணீர் படியேறாது. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் கயிற்றின் சக்தி போய்விடும். ஆகவே வெள்ளம் வந்தால் யாரும் நகரக் கூடாது. நான் கிளம்பு என்று சொல்வதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். அவர் உட்கார் என்று சொல்வதற்கு வாங்கினார். உட்காருவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

என் மாமியாரும் கயிறு கட்டியிருந்தார். அவர் வீடு ஆற்றோரத் தெருவில், தண்ணீர் முதலில் எட்டிப் பார்க்கிற வரிசையில். மழைக்காலம் நெருங்கியது. அணை ஏற்கெனவே விளிம்புக்கு வந்திருந்தது. மனைவி போனபின் நான் குடிமாறிய மேட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கேட்டுப் போனேன். அவர் கயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

“உங்க பழைய வீட்டுல இது இருந்திருந்தா எம்பொண்ணும் இருந்திருப்பா மாப்ள. ஐயா பார்த்துச் சொன்னாரு.”

குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது என் குடை இல்லை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

இதற்கிடையில் நகராட்சித் தலைவி ஒரு யோசனை சொன்னார். இந்த வருட ஒத்திகையை வாக்கு ஐயா தொடங்கி வைக்கட்டும். நான் பொங்கி எழுந்திருப்பேன் என்று நினைப்பீர்கள். கூட்டம் வருமே என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அழைப்பிதழை நானே எழுதினேன். ‘வருங்காலம் உணர்ந்த’ என்ற அடைமொழிகூட என் கைவண்ணம்தான்.

அதைப் படித்துவிட்டு என் மைத்துனி வந்து நின்றாள். மருத்துவமனையில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். யார் எதைச் சொன்னாலும் ஒரு துளி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். முந்தின வாரம் தன் அம்மாவுக்குத் துணையாக வாக்கு கேட்கப் போயிருந்தாள்.

“அத்தான், சாமிக்குக் கனஅடி கணக்கெல்லாம் எப்படித் தெரியும்?” என்றாள்.

ஐயா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை கனஅடி நீர் திறந்துவிடப்படுவதால் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாக்கியத்தைப் பாதி நாள் உட்கார்ந்து செதுக்கியவன் நான். முதலில் வந்தது கோபமில்லை, பெருமை. என் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஜீவன் ஒன்றாவது ஊரில் இருக்கிறதே.

பூரித்தது போதும் என்றாள். அவருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பச் சொன்னாள், நடக்கவே முடியாத ஒன்று. அரசாங்க எண்ணிலிருந்து பொய் அனுப்பலாமா, விதிமுறை என்ன சொல்கிறது என்று நான் இழுத்தேன்.

“அக்கா பேரைச் சொல்லிக் கயிறு விக்கிறான். உங்களுக்கு விதிமுறை கவலையா இருக்கு.”

நான் செய்தியை எழுத உட்கார்ந்தேன். ஐயாவின் கைபேசி எண், முன்பதிவுக்காக அவர் வீட்டுச் சுவரிலேயே ஆளுயரத்தில் எழுதியிருந்தது.

ஒத்திகை நாளில் மைதானம் கொள்ளவில்லை. அவ்வளவு தலைகளை நான் வெள்ளத்தன்றுகூடப் பார்த்ததில்லை. தலைவி வரவேற்றார். அண்டா வந்தது. ஐயா குனிந்தார், துண்டு விழுந்தது. சைரன் பக்கத்தில் நின்றபடி அவர் எண்ணுக்கு மட்டும் நான் செய்தியை அனுப்பினேன். மாமியார் முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

துண்டுக்குள் உறுமல் நின்றது. பிறகு முழங்கியது.

“வருது. மேற்குக் கால்வாய்க் கரை உடையப் போகுது. கரையோரம் வசிக்கும் பொதுமக்கள் அடுத்த அறிவிப்பு வரும் வரை...”

மேற்குக் கால்வாயை மூடிப் பேருந்து நிலையம் கட்டி வெகுகாலமாகிறது. ஐயா அதற்குப் பின்னால்தான் ஊருக்கு வந்தவர். கூட்டத்தில் நின்ற நடத்துநர் ஒருவர், “ஐயா, அங்கதான் நாங்க வண்டி நிறுத்துறோம்” என்றார். சிரிப்பு எழுந்தது. துண்டு கொஞ்சமும் அசரவில்லை. கால்வாய் இப்போது பூமிக்கடியில் ஓடுகிறது என்றது.

பாதிக் கூட்டம் தலையாட்டிவிட்டது. பூமிக்கடியில் என்று சொன்னால் இனி எதையும் சொல்லலாமே. மைத்துனி என் கைபேசியைப் பிடுங்கி, ஒலிபெருக்கி முன்னால் போய், நான் அனுப்பிய செய்தியை எழுத்து மாறாமல் வாசித்தாள். கரை உடையப் போவது, கரையோரம் வசிக்கும் பொதுமக்கள், அடுத்த அறிவிப்பு எல்லாம் அதில் வரிசையாக இருந்தன.

மாமியார் கண்ணைத் திறந்தார். எழுந்து போனார். யாரும் தடுக்கவில்லை. துண்டைப் பிடித்து இழுத்தார். கைபேசி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அண்டாத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. என் ரப்பர் படகுகளைவிட நன்றாகவே மிதந்தது. திரையில் என் செய்தி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முழுவதும் படித்தார்.

“எம்பொண்ணு ஏன் போனான்னு சொன்னீங்களே. அதையும் இதுலதான் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

ஐயாவுக்கு அந்தக் கேள்விக்கான செய்தி வந்திருக்கவில்லை. அன்று மாலையே ஊரைவிட்டுப் போனார். மேற்குக் கால்வாயிலிருந்துதான் பேருந்து ஏறினாராம்.

கூட்டம் கலைந்தபின் மாமியார் என்னிடம் வந்தார். இந்தச் செய்திகள் தன் கைபேசிக்கும் வந்தனவா என்று விசாரித்தார். எல்லாமே வந்தன என்றேன்.

“என்னமோ வரி கட்டச் சொல்றீங்கன்னு அழிச்சிட்டேன் மாப்ள. தண்ணி வருது, கிளம்புன்னு எழுத வராதா உங்களுக்கு?”

அணை திறந்தபோது அப்படித்தான் எழுதினேன். தண்ணீர் வருகிறது, கிளம்புங்கள். வேறெதுவும் இல்லை. ஆற்றோரத் தெரு கிளம்பியது. கயிறு கட்டிய வீட்டுக்குள்ளும் கட்டாத வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு ஏறியது. உள்ளே ஆள் இல்லை. மாமியார் என் வீட்டு அடுப்படியில் நின்று, இந்த மழுங்கின கத்தியை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடும்பம் நடத்தினாளோ என்று மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் போனபின் அவர் வாயிலிருந்து அவளுக்கு விழுந்த முதல் திட்டு அது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் அலுவலகம் போனேன். சைரன் கம்பத்தைச் சுற்றிச் சந்தனம் பூசி, கீழே விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு பெண்மணி என்னிடமே வந்து, எந்தக் கிழமை சுற்றினால் விசேஷம் என்று கேட்டார். விளக்கை அணைத்துவிட்டு இதை எழுதுகிறேன். சைரனைக் கும்பிடாதீர்கள். அது ஊதினால் ஏன் ஊதுகிறது என்று என்னிடம் வந்து கேளுங்கள், கேட்டுக்கொண்டே மேட்டுக்கு நடங்கள். நான் சொன்னேன் என்பதற்காகவும் எதையும் நம்பிவிடாதீர்கள். வருங்காலம் உணர்ந்தவர் என்று அந்த ஆளுக்கு அழைப்பிதழ் எழுதியவன் நான்.