லாபம் அண்ணாச்சி எழுதாத வரி

உலகத்தில் எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுகிறார்கள். அதில் ஒன்று என்கிற எண்ணே வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் பி.காம். படிக்க வந்த மனிதர், எனக்குத் தெரிந்து லாபம் அண்ணாச்சி மட்டும்தான்.

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் தவசக் கடையில் கம்போ சோளமோ படியால் அளக்கும்போது முதல் படியை "லாபம்" என்று சொல்லித்தான் சாக்கில் கொட்டுவார்கள். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. அண்ணாச்சி மீசை முளைக்கும் முன்பே அப்படி ஒரு கடையில் அளக்கச் சேர்ந்தவர். நடுவில் எப்படியோ பிளஸ் டூ மட்டும் முடித்திருந்தார். தராசு மின்சாரத்துக்கு மாறியும் அவர் வாய் மாறவில்லை. வகுப்பின் முதல் நாள், அவரவர் வரிசை எண்ணைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார்கள். அகர வரிசையில் அண்ணாச்சி பெயர்தான் முதல். எழுந்து நின்று, "லாபம் சார்" என்றார். பாடம் எடுக்க வந்த இளைஞர் அப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று பட்டியலை மேலும் கீழும் தேடினார். அன்றைக்கு ஒட்டிய பெயர், அப்புறம் உரியவே இல்லை.

அது தொலைதூரக் கல்வி. ஞாயிற்றுக்கிழமைதோறும் டவுனில் ஒரு கட்டிடத்தில் வகுப்பு. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, கணக்குப் படித்தவர்களை வலை வீசித் தேடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அதை நம்பிப் பாதி வகுப்பு சேர்ந்தது. நான் அந்தப் பாதியில் இல்லை. பாளையம்பட்டியிலிருந்து போய் ஒரு மில்லில் வருகைப் பதிவு பார்க்கிறவள் நான். டிகிரி இருந்தால் கணக்குப் பிரிவுக்கு மாற்றுகிறோம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். முப்பத்தொன்பது வயதில் மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தால் முதலில் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. முழங்கால்தான் இடிக்கிறது.

அண்ணாச்சி எதற்குச் சேர்ந்தார் என்று கேட்டால் சிரிப்பு வரும். படிக்க ஆசைப்பட்டது அவர் மனைவி. நாங்கள் எல்லோரும் அவரை மதினி என்போம். நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் மகளிர் குழுவை நடத்துகிறவர், கெட்டிக்காரி. குழந்தைகள் கிடையாது. மனைவியின் விண்ணப்பத்தைக் கொடுக்கத் துணைக்கு வந்த அண்ணாச்சி, ஞாயிறு முழுக்க இவள் உள்ளே இருந்தால் நான் எங்கே உட்கார என்று அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார். வெளியே இருந்த வேப்பமரத்தைக் காட்டினார்களாம். மரத்தைப் பார்த்தார். அதில் இலையைவிட வெயில்தான் அதிகம் இருந்தது. "உள்ள ஃபேன் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது என்றதும், "அப்ப எனக்கும் சேத்து ஒரு பாரம் குடுங்க" என்றாராம். ஃபேன் காற்றுக்காக பி.காம். சேர்ந்தவர் இந்தியாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நரிக்குடியிலிருந்து திருச்சுழி வழியாக பஸ்ஸில் இருவரும் வந்து இறங்குவார்கள். முன்னால் மதினி புத்தகப் பையோடு நடப்பார். பின்னால் அண்ணாச்சி, ஒரு கல்யாண வீட்டுக்கே போதுமான தூக்குச்சட்டியோடு வருவார். மூன்று பேரும் ஒரே பெஞ்சு. நடுவில் மதினி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

கடையில் பழகிய வாயை வைத்துக்கொண்டு அவர் வகுப்பில் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடையில் ஒரு சரக்கு தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்லக் கூடாது, வரும் என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் சார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், புரியாத இடத்தில் எல்லோரும் இல்லை என்போம், அண்ணாச்சி மட்டும் "வரும் சார்" என்பார். வராதவர்களின் பெயரைக் கூப்பிட்டால் எவருக்கும் முன்னால் எழுந்து, "வருவாக சார்" என்று உத்தரவாதம் கொடுப்பார். ஊரைவிட்டே போய்விட்ட ஒரு பையனுக்குப் பல மாதம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தகத்தை மூடுங்கள் என்று சார் சொன்னால் இவருக்கு முகம் சுருங்கிவிடும். "மூடுங்கன்னு சொல்லாதீக சார், எடுத்து வைங்கன்னு சொல்லுங்க" என்று எழுந்து திருத்துவார். தேய்மானம் பாடம் நடந்தபோது நாங்கள் பயந்தோம். அதற்கு அவர் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. நிலாவே தேயுது, மிஷின் தேய்ஞ்சா என்ன என்று பெரிய மனதோடு விட்டுவிட்டார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், நட்டத்தில் வந்தது.

லாப நட்டக் கணக்கு போடுவார். அச்சு மாதிரிக் கையெழுத்து. ஒவ்வொரு தலைப்பும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கடைசியில் லாபம் வந்தால் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுப்பார். நட்டம் வந்தால் அந்தக் கடைசி வரியை மட்டும் காலியாக விட்டு, நோட்டை மெதுவாக மனைவி பக்கம் நகர்த்துவார். மதினி தலையில் அடித்துக்கொண்டு, தன் உருண்டை எழுத்தில் "நிகர நட்டம்" என்று எழுதித் தொகையைப் போட்டுத் திருப்பித் தள்ளுவார். "இத எழுதுனா கையி வெந்தா போயிரும் இவுகளுக்கு" என்று என்னிடம் முணுமுணுப்பார். அண்ணாச்சி மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போல அடுத்த பக்கத்துக்குப் போவார்.

ஒருநாள் சார் இதைக் கண்டுபிடித்துவிட்டார். என்ன இது, மனைவியை வைத்துக் காப்பி அடிக்கிறீர்களா என்று கேட்டார். அண்ணாச்சி எழுந்து கைகட்டி நின்று விளக்கம் சொன்னார். அவர் வேலை பார்த்த கடையின் பழைய முதலாளி வைத்த சட்டமாம். கல்யாணம் ஆனவன் தன் கையால் நட்டம் என்று எழுதக் கூடாது. எழுதினால் கூட வாழ்கிறவளுக்கு ஆகாது. வகுப்பே சிரித்தது. சார் விடவில்லை.

"அப்ப அவுக எழுதுனா?"

"அவ எழுதுனா எனக்குத்தான சார் ஆகாது" என்றார் அண்ணாச்சி. "அது பரவால்ல."

சார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் மதினி தூக்குச்சட்டியைத் திறந்து அண்ணாச்சி தட்டில் மட்டும் இரண்டு பணியாரம் கூடுதலாக வைத்ததைப் பார்த்தேன்.

வகுப்பில் சரி, தேர்வில் என்ன செய்வது? அங்கே அகர வரிசைப்படி உட்கார வேண்டும். மதினி எங்கேயோ கடைசி அறையில் இருப்பார். நிகர நட்டத்தை எழுதி, அதை அப்படியே பேலன்ஸ் ஷீட்டில் கொண்டுபோய்க் கழித்தால்தான் அது நேராகும். அண்ணாச்சி அந்த வரியை விட்டதால் பேலன்ஸ் ஷீட்டையும் தொட முடியாமல், மிச்சத் தாளை வெள்ளையாகக் கொடுத்துவிட்டு வந்தார். கணக்கியலில் மட்டும் ஃபெயில். மறுபடி எழுதினார், மறுபடியும் ஃபெயில். அந்தத் தாளில் இரண்டு தடவையும் அவருக்குத் துணையாக ஃபெயிலானவள் நான். எனக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. வெறும் மண்டைக் கோளாறு.

இரண்டாம் வருடம் பாதியில் மதினிக்கு வயிற்றில் வலி என்றார்கள். திருச்சுழியில் காட்டினார்கள், அப்புறம் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கட்டிலில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு சிறுத்துவிட்டார். அண்ணாச்சி வெந்நீர் பிடிக்கப் போயிருந்தார். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இனி பரீச்ச எழுத மாட்டேன் தாயி. அது பெருசில்ல. ஆனா இவுக பாஸாகணும். என்னால நின்னாகன்னு ஆயிரக் கூடாது. அந்த ஒத்த வரிய எழுத வச்சிரு."

"நீங்களே வந்து திட்டி எழுத வைங்க மதினி" என்றேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த மாதமே போய்விட்டார்.

காரியம் முடிந்து இரண்டு மூன்று ஞாயிறு கழித்து அண்ணாச்சி வகுப்புக்கு வந்தார். கையில் மதினியின் புத்தகப் பை இருந்தது. தூக்குச்சட்டி இல்லை. தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் அப்படியே கிடந்தது. அவரும் இந்தப் பக்கம் நகரவில்லை, நானும் அந்தப் பக்கம் நகரவில்லை. அன்றைக்குப் பாடம் எடுக்க வந்தவர் புதிதாகச் சேர்ந்த ஒரு மேடம். அவருக்கு எதுவும் தெரியாது. பழைய பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், மதினி பெயரையும் கூப்பிட்டார். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். மேடம் இரண்டாவது தடவை கூப்பிட்டார். அண்ணாச்சி எழுந்தார்.

"வருவா மேடம்" என்றார்.

மேடம் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். யாரும் திருத்தவில்லை.

இப்படி ஒரு மனிதரை நட்டம் என்று எழுத வைக்கும் பொறுப்பு என் தலையில். எனக்கே அந்தத் தாள் பாக்கி. தேர்வு நெருங்க நெருங்க ஒருநாள் துணிந்து கேட்டேன். ஆஸ்பத்திரியில் மதினி சொன்னதைச் சொன்னேன். "தெரியும் தாயி, எங்கிட்டயும் சொன்னா" என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

அவர் அந்தத் தாளில் பாஸாகிவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லைக்கோட்டை ஒட்டித்தான், ஆனாலும் பாஸ். நானும் பாஸ். முடிவு வந்த அன்று வாட்ஸப் குழுவில் அவருக்குத்தான் எல்லோரும் வாழ்த்து அனுப்பினார்கள். என்னை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அது நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது முடிவு வந்த நாளைப் பற்றியல்ல. தேர்வு நடந்த நாளைப் பற்றி.

பெரிய கணக்காக ஒரு வியாபாரியின் லாப நட்டக் கணக்கையும் பேலன்ஸ் ஷீட்டையும் கேட்டிருந்தார்கள். அந்த அறையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அண்ணாச்சி. எழுதிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரோ ஒரு பையன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பழக்க தோஷத்தில் விடைத்தாளை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டார். அப்புறம் அதை இழுத்து வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்துக் குனிந்தார். நிமிரவே இல்லை. கடைசி மணி அடிக்கும்வரை எழுதினார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். இரண்டு டீ சொன்னார்.

"எழுதிட்டேன் தாயி" என்றார்.

"கை நடுங்குச்சா அண்ணாச்சி?"

"இல்ல."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இனி நடுங்க என்ன இருக்கு? அவளுக்கு ஆகாதேன்னுதான நான் பயந்தேன். நான் எழுதாமயே போயிட்டா. வரிய எழுதி, பேலன்ஸ் ஷீட்டுலயும் கொண்டு போய்க் கழிச்சேன். ரெண்டு பக்கமும் நேரா நின்னுச்சு. அவ பாத்தா சந்தோசப்பட்டிருப்பா."

ரெண்டு பக்கமும் நேராக நின்றிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஏனென்றால் நட்டம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது, கேள்விக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்த ஒரு குறிப்பை அவர் கவனிக்கவில்லை. வருடக் கடைசியில் கடையில் மிச்சமிருந்த சரக்கு. அதை வருமானத்திலும் சேர்க்கவில்லை, சொத்திலும் சேர்க்கவில்லை. இரண்டு பக்கத்திலும் விட்டுவிட்டால் கணக்கு பொய்யாக நேராகிவிடும். நானே முந்தைய தேர்வில் செய்த தப்பு அது. மிச்சச் சரக்கைச் சேர்த்தால் அந்த வியாபாரிக்கு நல்ல லாபம். என் தாளில் லாபம் என்றுதான் எழுதியிருந்தேன், அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தேன்.

முதல் படியை லாபம் என்று சொல்லியே வாழ்ந்த மனிதர், வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கையால் நட்டம் என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சுழி பஸ் வந்து நின்றது. மதினியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டவர், ஏறுவதற்கு முன்னால் திரும்பிக் கேட்டார்.

"ஏந்தாயி, ஒனக்கும் நட்டந்தான வந்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "எனக்கும் நட்டந்தான்."