பிலவேந்திரன் மடித்து வைத்த தொட்டி

பொருளைக் கண்ணும் கருத்துமாகக் காத்து, அதனால் ஒருவருக்கும் ஒரு நன்மையும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற மனிதர்கள் உண்டு. பத்திரப் பேர்வழிகள். உங்களுக்குத் தெரியாதவர்களா? செல்லிப்பட்டில் இந்த இனத்துக்குத் தலைவர் பிலவேந்திரன், பட்டாளத்தில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர்.

போன வெள்ளத்தில் படகோடு வந்த ராணுவத்தினர், குடிநீர் நிரப்பும் ரப்பர் மடக்குத் தொட்டி ஒன்றை ஊருக்கென்று அவரிடம் விட்டுப் போனார்கள். விரித்து நிரப்பினால் தெருவுக்கே தண்ணீர். "நல்லா காயவச்சு, தளர்வா சுருட்டி வைங்க. அப்பப்ப பிரிச்சுப் பாருங்க" என்றான் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய்.

"எனக்கேவா தம்பி?" என்றார் பிலவேந்திரன்.

சுருட்டுவதாமே! அவர் என்ன பாய் வியாபாரியா? பட்டாளத்தில் கம்பளி மடித்த அதே கையால், ஈரம் காய்வதற்குள், விளிம்போடு விளிம்பு சேர்த்து, முழங்காலால் அழுத்தி, கயிறு போட்டு இறுக்கி, செங்கல் மாதிரி சதுரமாக்கிப் பரணில் ஏற்றினார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவார். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று அவரிடம் யார் சொல்வது? எல்லாம் இன்ஸ்பெக்‌ஷனுக்காக. யார் வரப்போகிறார்கள்? அதெல்லாம் கேட்கக்கூடாது. வருவார்கள்.

கோடையில் குழாய் நின்றபோது எதிர்வீட்டு ஆதிலட்சுமி வந்தாள். "மாமா, டேங்கர் வருது. அந்தத் தொட்டிய குடுங்களேன்."

"அது ஆத்திர அவசரத்துக்கும்மா."

"அப்ப இது இன்னா, திருவிழாவா?"

கதவு சாத்திக்கொண்டது. "ஊரே கொடத்தத் தூக்கினு அலையுது, உங்களுக்கு இன்னா கல்நெஞ்சா?" என்றாள் மனைவி ஜெசிந்தா மேரி. அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்தக் கார்த்திகையில் சங்கராபரணி ஆறு பெருகிப் போர்வெல்லெல்லாம் சேறானது. அந்தச் சேற்றுத் தண்ணீரைக் குடித்த ஆதிலட்சுமியின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. சொட்டு நல்ல தண்ணீருக்கு அவள் தவித்தாள். ஒருவழியாக டேங்கர் வந்தது. "எதுலயாவது ஊத்திக்குங்க, இன்னும் பல ஊருக்குப் போவணும்" என்று அவசரப்பட்டார் டிரைவர்.

பிலவேந்திரன் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, தொட்டியைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தார். முடிச்சில் வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. ஒட்டிக் கிடந்ததைப் பிய்த்துப் பிரித்தார். உள்ளே பூஞ்சணம். டிரைவர் டேங்கர் குழாயைத் திறந்ததும், மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெடித்து, நாலாபக்கமும் பீய்ச்சியடித்தது. அரை டேங்கர் தண்ணீர் தெருச்சேற்றில் கலந்த பிறகுதான் டிரைவர் மூடினார். மீதியைக் குடம் வைத்திருந்தவர்கள் முட்டிமோதிப் பிடித்தார்கள். ஆதிலட்சுமிக்கு ஒரு சொம்புதான் கிடைத்தது.

மனுஷன் வெட்கப்பட்டிருக்க வேண்டாமா? கிழிசலைத் தடவிக்கொண்டே அவளிடம் சொன்னார்: "பாத்தியாம்மா? இதுக்குத்தான் பிரிக்கவே கூடாதுன்னேன்."

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நேற்று மழையில் தொப்பலாக வந்தாரே உங்கள் வீட்டு வேலைக்காரம்மா, தலை துவட்ட எதைக் கொடுத்தீர்கள்? கிழிந்த பழைய துண்டைத்தானே? புதுத் துண்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறதா?